ஐ.எஸ்.எஃப். போடுவது யார் வேலை, சப்ளையருடையதா என்னுடையதா?

கேட்டவர் நியூ ஜெர்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். முதல்முறையாகக் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவரிடமிருந்து கடல்வழியாக வெட் கிரைண்டர்களும், அதே கன்டெய்னரில் நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளும் வரவழைக்கிறார். பெட்டி தூத்துக்குடி துறைமுகத்துக்குள் போய்விட்டது. வியாழக்கிழமை ஃபீடர் என்ற சிறு கப்பலில் கொழும்புக்குக் கிளம்புகிறது. நேற்று, சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்டான ஃபார்வர்டரிடமிருந்து, "ஐ.எஸ்.எஃப். உடனே போடவும், தாமதமானால் 5,000 டாலர்" என்று மெயில் வந்திருக்கிறது. சப்ளையரைக் கேட்டால், "அது உங்கள் ஊர் சமாச்சாரம் சார்" என்கிறார். சுங்க வேலைகளைச் செய்துதரும் உள்ளூர் கஸ்டம்ஸ் புரோக்கரோ பாண்டு, அதாவது உத்தரவாதப் பத்திரம், இருக்கிறதா என்று கேட்கிறார். இவர் கேட்பது மூன்று: இது யார் வேலை, ஏற்கெனவே தாமதமாகிவிட்டதா, பாண்டு எதற்கு?

அவசரமானதற்கு முதலில் பதில். தாமதமாகவில்லை. ஆனால் இன்றே தொடங்கவேண்டும்.

ஐ.எஸ்.எஃப். (இம்போர்ட்டர் செக்யூரிட்டி ஃபைலிங்) என்பது இறக்குமதியாளர் தரவேண்டிய பாதுகாப்புத் தகவல் பதிவு. சரக்கு அமெரிக்காவுக்கு வரும் கப்பலில் ஏற்றப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னால் அது அமெரிக்கச் சுங்கத்தின் கணினியில் இருக்கவேண்டும். இதில் "அமெரிக்காவுக்கு வரும் கப்பல்" என்பதுதான் கவனிக்கவேண்டிய இடம். உங்கள் பெட்டி தூத்துக்குடியில் ஏறுவது ஃபீடரில். அது கொழும்போடு சரி. கொழும்பில் இறக்கி, வேறொரு பெரிய கப்பலில், நம் ஆட்கள் மதர் வெசல் என்பார்களே, அதில் ஏற்றுவார்கள். அந்தக் கப்பல்தான் நியூவர்க்குக்கு வரப்போகிறது. ஆகவே கெடு வியாழக்கிழமை ஃபீடரை வைத்து அல்ல, கொழும்பில் மதர் வெசலில் ஏற்றும் நேரத்தை வைத்துத்தான்.

அப்படியானால் ஃபார்வர்டர் ஏன் இப்போதே அவசரப்படுத்துகிறார்? அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கொழும்பில் பெட்டி எத்தனை நாள் காத்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில சமயம் ஒரு வாரம் கிடக்கும். சில சமயம், இணைப்புக் கப்பல் தயாராக நின்றால், இறங்கிய மறுநாளே ஏறிவிடும். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு கூப்பிடு தூரம்தான். ஃபீடர் கிளம்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களில் பலர் சனி, ஞாயிறில் மாட்டிக்கொள்வார்கள். நேர வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே கோடைக்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் புரோக்கர் கம்ப்யூட்டரை அணைக்கும்போது கொழும்பில் சனிக்கிழமை அதிகாலை 2.30. அதனால்தான் எங்கள் தொழிலில் ஃபீடர் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுவது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். இது சட்டம் இல்லை, முன்ஜாக்கிரதை.

நான் முதலில் தூத்துக்குடியில் ஏற்றுமதி டாக்குமென்டேஷனில் இருந்தேன். இப்போது இங்கே இறக்குமதிப் பக்கம் வேலை பார்க்கிறேன். இரண்டு கரையிலும் நின்று பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. இந்தப் பதிவில் கேட்கும் தகவல்களில் பாதிக்கு மேல் தூத்துக்குடி, கோயம்புத்தூர்க்காரர்கள் கையில் இருக்கின்றன. தவறினால் பணம் கட்டுபவரோ இங்கே இருக்கிறார். தெரிந்தவர் ஒருவர், பொறுப்பாளி வேறொருவர். இதில் வரும் சிக்கல் எல்லாமே அந்த இடைவெளியில்தான் முளைக்கிறது. "அது உங்கள் ஊர் சமாச்சாரம்" என்று உங்கள் சப்ளையர் சொன்னது பொறுப்பைப் பற்றியவரை சரி, தகவலைப் பற்றியவரை தப்பு.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், சரக்கு கப்பல்வழியாக அமெரிக்க எல்லைக்குள் வரக் காரணமாக இருப்பவர் எவரோ அவரே ஐ.எஸ்.எஃப். இறக்குமதியாளர். உங்கள் கதையில் அது நீங்கள்தான். கப்பல் கூலி உங்களுடையது என்ற எஃப்.ஓ.பி.யில் வாங்கினாலும், கூலியும் காப்பீடும் சப்ளையருடையது என்ற சி.ஐ.எஃப்.பில் வாங்கினாலும் மாற்றமில்லை. வெளிநாட்டுச் சப்ளையரே தன் பெயரில் இறக்குமதியாளராக நின்று, தீர்வையும் கட்டி, கடை வாசலில் இறக்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு. நீங்கள் கையால் எதையும் தட்டச்ச வேண்டியதில்லை. புரோக்கரிடமோ ஃபார்வர்டரிடமோ அதிகாரப் பத்திரம் கொடுத்து அவரைக்கொண்டு போடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஏஜென்ட் தவறினாலும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். ஏஜென்டிடம் சண்டை போட்டு வாங்கிக்கொள்வது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விவகாரம், சுங்கத்துக்கு அதில் சம்பந்தமில்லை.

இப்படி ஒரு பதிவு ஏன் வந்தது என்று தெரிந்தால், என்ன கேட்கிறார்கள் என்பதும் தானாகப் புரியும். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் என்ன வருகிறது என்ற பயம் அமெரிக்காவுக்கு வந்தது. 2002 டிசம்பரில் 24 மணி நேர விதி வந்தது: ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்பே கப்பல் நிறுவனம் சரக்குப் பட்டியலை மின்னணு முறையில் அனுப்பவேண்டும். நாம் ஏ.எம்.எஸ். என்று சொல்வது அதைத்தான். கொஞ்ச நாளில் அதன் ஓட்டை தெரிந்தது. கப்பல் சரக்கு ரசீதான பி.எல்.லில் அனுப்புநர் என்று ஒரு ஃபார்வர்டர் பெயர், பெறுநர் என்று இன்னொரு ஃபார்வர்டர் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் பொருளை யார் செய்தார், யார் விற்றார், யார் வாங்கினார், பெட்டியை எங்கே நிரப்பினார்கள் என்று ஒன்றும் தெரியாது. 2006-இல் நிறைவேறிய துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் கூடுதல் தகவல் திரட்டச் சொன்னது. 2008 நவம்பரில் விதி வெளியாகி, 2009 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் வருடம் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அபராத நோட்டீஸ் கறாராகக் கிளம்பியது 2013 ஜூலையிலிருந்து. சட்டப் புத்தகத்தில் பார்க்க விரும்பினால் 19 சி.எஃப்.ஆர்., 149-ஆம் பகுதி.

தொழிலில் இதற்கு "டென் பிளஸ் டூ" என்று பெயர். பத்து தகவல் உங்களுடையது, இரண்டு கப்பல் நிறுவனத்துடையது. அந்த இரண்டும், கப்பலில் எந்தப் பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்ற அடுக்கு வரைபடமும், பெட்டி எங்கெங்கே நகர்ந்தது என்ற தகவல்களும். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் பத்தில் எட்டு, ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே வேண்டும்: விற்றவர், வாங்கியவர், இறக்குமதியாளரின் எண், பெறுநரின் எண், உற்பத்தியாளர், சரக்கு போய்ச் சேரும் இடம், தோற்ற நாடு, சுங்க வரி வகைப்பாட்டு எண்ணின் முதல் ஆறு இலக்கம். மீதி இரண்டு, பெட்டி நிரப்பிய இடமும், நிரப்பியவர் அல்லது நிரப்ப ஏற்பாடு செய்தவரும். இவற்றைக் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தை அடைவதற்கு 24 மணி நேரம் முன்பு வரை தரலாம். விலையைக் கேட்கவில்லை, எத்தனை உருப்படி என்றும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? முதல்முறை செய்பவர்கள் இன்வாய்ஸில் விலை முடிவாகவில்லையே என்று காத்திருப்பார்கள். காத்திருக்கவே வேண்டாம். அதெல்லாம் பின்னால், தீர்வைக் கணக்குக்கான என்ட்ரி போடும்போது வரும் விஷயம்.

இறக்குமதியாளர் எண்ணும் பெறுநர் எண்ணும் உங்கள் நிறுவனத்தின் வருமான வரி எண்தான், உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றே. வாங்கியவர் நீங்கள், விற்றவர் கோயம்புத்தூர் வியாபாரி. அதில் குழப்பமில்லை. மற்றவற்றில்தான் விளையாட்டு இருக்கிறது.

உற்பத்தியாளர் என்ற கட்டத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் வியாபாரி கிரைண்டர் செய்பவர் இல்லை, ஒரு பட்டறையில் வாங்கி அனுப்புகிறார். விளக்கு வார்ப்பவர் நாச்சியார்கோயிலில் இருக்கிறார். உங்களுக்கு அந்தப் பட்டறைகளின் பெயரைச் சொல்ல வியாபாரிக்கு மனசு வராது. சொன்னால் அடுத்தமுறை நீங்கள் நேராகப் போய்விடுவீர்கள் என்ற பயம். திருப்பூரில், வெளிநாட்டாருக்கு ஆடை வாங்கித்தரும் பையிங் ஹவுஸ்களிடம் இதே பயத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "மேனுஃபாக்சரர் பெயரை மட்டும் விட்டுடுங்க சார்" என்று கெஞ்சுவார்கள். விட முடியாது. ஆனால் விதியிலேயே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கடைசியாகப் பொருளைச் செய்தவர் அல்லது பொருத்தியவரின் பெயர், முகவரிக்குப் பதில், சரக்கு புறப்படும் நாட்டில் முடிவுற்ற பொருளை வழங்கியவரின் பெயரையும் முகவரியையும் தரலாம். அதாவது உங்கள் வியாபாரியின் பெயரே போதும். இரண்டு, அவர் பட்டறை விவரத்தை உங்களுக்குக் காட்டாமல் பதிவு செய்யும் ஏஜென்டுக்கு நேரடியாக அனுப்பிவிடலாம். இந்த முதல் வழியை ஆயத்த ஆடை இறக்குமதியில் நம்பி இருந்துவிடாதீர்கள். துணி வகைகளுக்கு என்ட்ரி போடும்போது உண்மையாகத் தைத்த தொழிற்சாலையின் அடையாளக் குறியீட்டைக் கேட்பார்கள், அங்கே வியாபாரி பெயர் செல்லாது.

இன்னொன்று: உற்பத்தியாளர், தோற்ற நாடு, வகைப்பாட்டு எண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்து வரிவரியாக இருக்கவேண்டும். கிரைண்டருக்கு ஒரு வரி. விளக்குக்கு இன்னொரு வரி. உங்கள் வியாபாரி "இடம் மிச்சமிருந்தது சார்" என்று நாலு அட்டைப்பெட்டி எவர்சில்வர் டப்பாவைத் திணித்திருந்தால், அதற்கும் ஒரு வரி. அந்த டப்பா சீனாவில் செய்தது என்றால் தோற்ற நாட்டுக் கட்டத்தில் இந்தியா என்று எழுத முடியாது. பேக்கிங் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் இல்லாதது ஏதாவது உள்ளே இருக்கிறதா?" என்று போன் போட்டு நேராகக் கேளுங்கள். மெயிலில் கேட்டால் "எல்லாம் லிஸ்டில் உள்ளபடி" என்றுதான் பதில் வரும். போனில் கேட்டால் ஒரு இருமல் சத்தம் வரும், அப்புறம் உண்மை வரும்.

வகைப்பாட்டு எண்ணில் கிரைண்டர் சுலபம்: வீட்டு உபயோக அரவை இயந்திரங்கள் 8509.40-இல் வரும். விளக்கு அப்படி இல்லை. எண்ணெய் ஊற்றி ஏற்றும் விளக்கா, அலங்காரப் பொருளா, பித்தளைச் சாமானா என்று மூன்று தலைப்பு போட்டி போடும். இந்தியாவில் ஏற்றுமதிப் பதிவான ஷிப்பிங் பில்லில் போட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இங்கே உள்ள புரோக்கரிடம் கேட்டுவிடுங்கள். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் இந்திய ஏற்றுமதியாளர் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் சில சமயம் அங்கே கிடைக்கும் சலுகையாக இருக்கும்.

சரக்கு போய்ச் சேரும் இடம் என்றால் சுங்கம் விடுவித்த பிறகு பெட்டி முதலில் இறங்கும் முகவரி. கடை ஒரு ஊரிலும் கிடங்கு வேறு ஊரிலும் இருந்தால், கிடங்கு முகவரி. அமேசான் கிடங்குக்கு அனுப்புகிறவர்கள் இந்தக் கட்டத்தில் அந்தக் கிடங்கின் முகவரியைப் போடலாம். ஆனால் அமேசானை இறக்குமதியாளராகக் காட்டக்கூடாது, அதற்கு அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இதைப் பதிவில் கலந்து கட்டியவர்கள் நிறையப் பேர்.

பெட்டி நிரப்பிய இடம் கடைசி இரண்டில் ஒன்று, அவகாசம் இருக்கிறது. இருந்தும் இங்கேதான் அசட்டையாகத் தப்பு நடக்கிறது. இன்வாய்ஸின் தலையில் இருக்கும் அலுவலக முகவரியை எடுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த முகவரி கோயம்புத்தூரில் மூன்றாம் மாடியில் ஒரு அறையாக இருக்கும், 20 அடி கன்டெய்னர் அங்கே ஏறியிருக்க முடியாது. உண்மையில் சரக்கு லாரியில் தூத்துக்குடிக்குப் போய், அங்கே ஒரு சி.எஃப்.எஸ்.ஸில், அதாவது கன்டெய்னர் நிரப்பும் கிடங்கில், பெட்டிக்குள் ஏறியிருக்கும். அந்த சி.எஃப்.எஸ். முகவரிதான் வேண்டும். நீங்கள் முழுப் பெட்டி எடுத்திருப்பதால் அத்தோடு முடிந்தது. எல்.சி.எல்.லாக, பலர் சரக்கோடு பகிர்ந்து அனுப்பியிருந்தால், கொழும்பில் இறக்கி வேறு பெட்டியில் அடுக்குவதும் உண்டு. அப்போது அந்த இடத்தையும் சொல்லவேண்டும். எல்.சி.எல்.லுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பக்கத்துச் சரக்குக்காரர் ஐ.எஸ்.எஃப். ஒழுங்காகப் போடவில்லை என்று பெட்டியை நிறுத்தினால், உங்கள் சரக்கும் சேர்ந்து நிற்கும்.

எட்டில் நான்கு, அதாவது உற்பத்தியாளர், சேரும் இடம், தோற்ற நாடு, வகைப்பாட்டு எண், இவற்றில் கொஞ்சம் நெகிழ்வு இருக்கிறது. அந்த நேரத்தில் உங்களுக்குக் கிடைத்த சிறந்த தகவலைக் கொடுத்துவிட்டு, துல்லியம் தெரிந்ததும் திருத்தலாம். அதற்கும் கப்பல் வருவதற்கு 24 மணி நேரம் முன்பு வரை அவகாசம். நியாயமாக நம்பியதைப் பதிவு செய்தேன் என்று சொல்ல இடம் இருக்கிறது. காலியாக விட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் இடமில்லை. ஒருமுறை போட்டதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. கப்பல் துறைமுக எல்லைக்குள் நுழையும் முன் ஏதாவது தகவல் மாறினால் திருத்தவேண்டியது உங்கள் கடமை. கிளம்பாமலே சரக்கு ரத்தானால் பதிவைத் திரும்பப் பெறவேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் பார்த்ததில் அதிகம் பேரைக் கவிழ்த்தது இந்தப் பத்தில் எதுவும் இல்லை என்றால் நம்புவீர்களா? பி.எல். எண்தான் கவிழ்க்கிறது. அது பத்தில் ஒன்றாகக்கூடக் கணக்கில்லை. உங்கள் பதிவும் கப்பல் பக்கத்திலிருந்து போன ஏ.எம்.எஸ். பதிவும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் கொக்கி அதுதான். சுங்கத்தின் கணினி இரண்டையும் பி.எல். எண்ணை வைத்துத்தான் சேர்க்கிறது. அதுவும் ஆகக் கீழ்நிலையில் பதிவான பி.எல். எண். ஃபார்வர்டர் தன் பெயரில் கொடுக்கும் ஹவுஸ் பி.எல். ஏ.எம்.எஸ்.ஸில் பதிவாகியிருந்தால் அதன் எண், இல்லையென்றால் கப்பல் நிறுவனத்தின் பி.எல். எண். எண்ணுக்கு முன்னால் அதைப் பதிவு செய்த நிறுவனத்தின் நான்கெழுத்துக் குறியீடும் வேண்டும்.

என் கையிலேயே நடந்தது ஒன்று. இங்கே வந்த புதிதில் ஒரு பர்னிச்சர் இறக்குமதிக்கு நான் பதிவு போட்டேன். ஃபார்வர்டர் அனுப்பிய ஹவுஸ் பி.எல். நகல் கையில் இருந்தது, பத்து தகவலும் கண்ணாடிபோல் சுத்தம். "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று பதிலும் வந்தது. நிம்மதியாக இருந்துவிட்டேன். கப்பல் நியூவர்க்கை நெருங்கும்போது பார்த்தால் பொருந்தும் பி.எல். இல்லை என்று காட்டுகிறது. விசாரித்தபோது தெரிந்தது: அந்த ஃபார்வர்டர் சரக்கை இன்னொரு பெரிய ஃபார்வர்டரிடம் கொடுத்து, அவர் பெட்டியில் ஏற்றியிருக்கிறார். ஏ.எம்.எஸ்.ஸில் போனது அந்தப் பெரியவரின் பி.எல். எண். எங்களிடம் இருந்த காகிதம், கணினியைப் பொறுத்தவரை இல்லாத ஒன்று. பெட்டியை நிறுத்திவைத்தார்கள். நாங்கள் சரியான எண்ணைப் பிடித்துத் திருத்துவதற்குள் துறைமுகத்தின் இலவச நாட்கள் தீர்ந்து, தண்டம் ஓடத் தொடங்கிவிட்டது. சுங்கத்திலிருந்து அபராதம் வரவில்லை. ஆனால் வாடிக்கையாளர் அந்தத் தண்டத்தைப் பற்றி இன்றும் என்னிடம் பேசுவார்.

அன்றிலிருந்து நான் ஃபார்வர்டரிடம் "ஹவுஸ் பி.எல். எண் என்ன?" என்று கேட்பதில்லை. "ஏ.எம்.எஸ்.ஸில் எந்த எண் போயிருக்கிறது, யாருடைய குறியீட்டோடு?" என்று கேட்கிறேன். நீங்களும் இந்த வாக்கியத்தையே வெட்டி ஒட்டி அனுப்புங்கள். அப்புறம் புரோக்கரிடம், பதிவு ஏற்கப்பட்டதா என்று கேட்டு நிறுத்தாமல், பி.எல். பொருந்தியதா என்றும் கேளுங்கள். அவை இரண்டு தனித்தனி பதில்கள். முதலாவது நிமிடத்தில் வரும். இரண்டாவது, ஏ.எம்.எஸ். பதிவு போன பிறகுதான் வரும்.

இப்போது 5,000 டாலர். தாமதம், தப்பு, அரைகுறை, போடவே இல்லை, எதுவானாலும் ஒரு மீறலுக்கு 5,000 என்பது விதியில் உள்ள தொகை. நடைமுறையில் முதல் மீறலுக்கு, சூழ்நிலையைப் பொறுத்து 1,000 முதல் 2,000 டாலர் வரை குறைத்துக்கொள்ள வழிகாட்டுதல் இருக்கிறது. அடுத்தடுத்த மீறல்களுக்கு 2,500-க்குக் கீழே போகமாட்டார்கள். சி-டிபாட் என்ற நம்பகத் திட்டத்தில் இரண்டாம், மூன்றாம் படியில் இருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு மேலும் சலுகை உண்டு. உங்களுக்கும் எனக்கும் அது எட்டாது.

உண்மையைச் சொன்னால் சிறு வியாபாரியை அடிப்பது அந்த 5,000 இல்லை. பதிவு இல்லாத பெட்டியை இறக்க அனுமதி மறுக்கலாம், பரிசோதனைக்கு எடுத்துப்போகலாம். எக்ஸ்-ரே மட்டும் என்றால் பிழைத்தீர்கள். பரிசோதனைக் கூடத்துக்கு லாரியில் கொண்டுபோய், ஆள் வைத்து முழுக்க இறக்கி, பார்த்துவிட்டு, திரும்ப அடுக்கினால் அந்தக் கூலி எல்லாம் இறக்குமதியாளர் தலையில். கிரைண்டர் கல்லை மறுபடி அடுக்குபவர் கோயம்புத்தூர்க்காரர் அடுக்கியதுபோல அடுக்கமாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் கெடு தவறிவிட்டது என்று தெரிந்தாலும், இனி எதற்கு என்று விட்டுவிடாமல், தெரிந்த நிமிடமே போடவேண்டும்.

பாண்டு விஷயம் எளிது. ஐ.எஸ்.எஃப். பதிவுக்குப் பின்னால் ஒரு உத்தரவாதப் பத்திரம் நிற்கவேண்டும், அபராதம் வந்தால் அதிலிருந்து வசூலிக்க. வருடம் முழுவதற்குமான தொடர் பாண்டின் குறைந்தபட்சத் தொகை 50,000 டாலர். அந்தத் தொகையைக் கேட்டு மிரளாதீர்கள், நீங்கள் கட்டப்போவது அதற்கான பிரீமியம் மட்டும். ஒரே ஒரு சரக்குக்கான தனி பாண்டும் வாங்கலாம். ஆனால் அப்படிப் போனால் ஐ.எஸ்.எஃப்.புக்கு ஒன்று, என்ட்ரிக்கு ஒன்று என்று செலவு ஏறும். வருடத்துக்கு இரண்டு, மூன்று பெட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் தொடர் பாண்டே லாபம், அது இரண்டுக்கும் பொருந்தும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தொடர் பாண்டின் அளவு கடந்த 12 மாதங்களில் கட்டிய தீர்வை, வரி, கட்டணங்களில் 10 சதவீதம் என்ற கணக்கில் ஏறும். தீர்வை விகிதம் உயர்ந்தால் பழைய பாண்டு போதாமல் போகலாம். நாளைக்கே போன் செய்யுங்கள். புதிய இறக்குமதியாளருக்கு எண் பதிவு, பத்திரம் எல்லாம் சேர்ந்து ஓரிரு நாள் பிடிக்கலாம், கொழும்பு அதற்காகக் காத்திருக்காது.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். ஐ.எஸ்.எஃப். ஏற்கப்பட்டது என்றால் சரக்கு விடுவிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. ஏ.எம்.எஸ். கப்பல் பக்கத்து வேலை, ஐ.எஸ்.எஃப். உங்கள் பாதுகாப்புத் தகவல், என்ட்ரி என்பது விலை, தீர்வை எல்லாம் சேர்ந்த தனிப் பதிவு. ஐ.எஸ்.எஃப்.பையும் என்ட்ரியையும் ஒரே புரோக்கர் சேர்த்துப் போடவும் வழி இருக்கிறது, முதல்முறைக்கு அது தேவையில்லை. மளிகைக் கடை என்பதால் சொல்கிறேன், அடுத்த பெட்டியில் அப்பளம், ஊறுகாய் ஏதாவது வந்தால் உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பு என்று இன்னொன்று சேரும். கடல் சரக்குக்கு அது வந்து சேர்வதற்கு 8 மணி நேரம் முன்பாவது போகவேண்டும். கிரைண்டரை மரச்சட்டத்தில் கட்டி அனுப்பியிருந்தால், அந்த மரத்தில் சூட்டுப் பதம் செய்த முத்திரை இருக்கிறதா என்று சப்ளையரிடம் ஒரு போட்டோ கேளுங்கள். முத்திரை இல்லாவிட்டால் ஐ.எஸ்.எஃப். எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பெட்டி திரும்பிப் போக நேரலாம்.

கேள்வியின் கீழே ஒருவர், ஊரிலிருந்து வீட்டுச் சாமான் மட்டும் கப்பலில் எடுத்துவந்தால் இது உண்டா என்று கேட்டிருந்தார். உண்டு. பெட்டியில் வரும் கடல் சரக்குக்கு மதிப்பு சிறிது, சொந்த உபயோகம் என்பதற்காக விலக்கில்லை. விலக்கு என்பது தானியம், கச்சா எண்ணெய் மாதிரி மொத்தமாகக் கொட்டி வரும் சரக்குக்குத்தான்.

இன்றைக்கு நீங்கள் செய்யவேண்டியது இரண்டு மெயில். கோயம்புத்தூருக்குப் போவதில்: கிரைண்டருக்கும் விளக்குக்கும் தனித்தனியாகச் செய்தவரின் பெயர், முகவரி (சொல்ல விருப்பமில்லை என்றால் புரோக்கருக்கு நேராக அனுப்பலாம் என்று எழுதிவிடுங்கள்), பெட்டி எந்த சி.எஃப்.எஸ்.ஸில் நிரம்பியது, யார் நிரப்பியது, லிஸ்டில் இல்லாதது ஏதாவது உள்ளே உண்டா. ஃபார்வர்டருக்குப் போவதில்: ஏ.எம்.எஸ்.ஸில் போகும் பி.எல். எண், அதன் நான்கெழுத்துக் குறியீடு, கொழும்பில் ஏறப்போகும் மதர் வெசலின் பெயர், பயண எண், ஏற்றும் நாள். ஊரில் இப்போது இரவாக இருக்கும். இரவே அனுப்பிவைத்தால் அவர்கள் காலையில் டீ குடிக்கும்போது பார்ப்பார்கள், உங்களுக்கு நாளைக் காலை பதில் கிடைக்கும். ஃபார்வர்டர் கப்பல் பெயரை மாற்றிச் சொன்னால், கொழும்பில் அது சகஜம், புரோக்கருக்கு அதை மறக்காமல் தெரியப்படுத்துங்கள்.